பேராலயங்களில் நவீனக் கலை: வழிகாட்டியுடன் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து நர்ஸிங் படித்துவிட்டு இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரை ஒரு விடுமுறை நாளில் பக்கத்து நகரத்துப் பேராலயத்துக்கு அழைத்துப்போகிறார்கள். போனால், பழைய கல்தூண்களுக்கு நடுவே நியான் விளக்கு எரிகிறது, வீடியோ ஓடுகிறது, கண்ணாடிச் சன்னலில் உருவமே இல்லாமல் நிறம் மட்டும் இருக்கிறது. நான் ஓவியம் கற்பிப்பவன் என்பதால், புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சங்கடமானவை போகப்போக.

1. பேராலயம் என்றால் பெரிய சர்ச்தானே?

இல்லை, அளவு இதில் கணக்கே இல்லை. ஒரு மறைமாவட்டத்தின் ஆயர், சி.எஸ்.ஐ. வழக்கில் பேராயர், அமரும் இருக்கை எந்த ஆலயத்தில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1952இல் உருவானது. நம் ஊர் விண்ணேற்பு அன்னை ஆலயம் அதன் பேராலயம். லண்டனில் உலகமே அறிந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே பேராலயம் அல்ல. கோவென்ட்ரி நகரத்து மைக்கேல் ஆலயம் பல நூற்றாண்டுகள் சாதாரணப் பங்கு ஆலயமாக இருந்து, 1918இல்தான் பேராலயமானது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பேராலயத்தில் நாள்தோறும் ஆராதனை நடக்கிறது. ஆகவே அங்கே வைக்கப்படும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கும். ‘இது இங்கே என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்டுக்கொண்டே நடந்தால் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும். கீழே உள்ள பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

2. சார், அவ்வளவு பழைய கோயிலில் எதற்குப் புதுப்படம் வைக்கிறார்கள்? பழையதை அப்படியே விட்டால் போதாதா?

நம் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளிகளையும் பாயும் குதிரைகளையும் செதுக்கிய விஜயநகரக் காலத்துச் சிற்பிகள், தங்கள் காலத்துக் கலையைத்தான் அங்கே வைத்தார்கள். ஐரோப்பியப் பேராலயங்களும் அப்படித்தான் வளர்ந்தன. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சன்னலையோ பீடத்தையோ கல்லறைச் சிற்பத்தையோ சேர்த்துக்கொண்டே வந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் பழைய பாணியையே பார்த்துச் செய்யும் பழக்கம் வலுத்தது.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் வால்டர் ஹஸ்ஸி என்ற ஆங்கிலிக்கன் குரு. நார்த்தாம்டன் நகரின் ஒரு பங்கு ஆலயத்தில் இருந்தபோது, போர் முடியும் முன்பே, 1944இல் ஹென்றி மூர் செதுக்கிய அன்னையும் குழந்தையும் சிற்பத்தை அங்கே நிறுவினார். பலத்த எதிர்ப்பு எழுந்தது. அவர் தளரவில்லை. 1946இல் கிரகாம் சதர்லாந்தின் சிலுவைக் காட்சி ஓவியத்தை அதே ஆலயத்தில் மாட்டினார். பிறகு 1955 முதல் 1977 வரை சிச்செஸ்டர் பேராலயத்தின் டீனாக, அதாவது அதை நடத்தும் தலைமைக் குருவாக இருந்து, ஜான் பைப்பரின் நெய்த ஓவியத் திரையையும் மார்க் ஷாகாலின் செந்நிறச் சன்னலையும் கொண்டுவந்தார். ஷாகால் சன்னல் 1978இல் திறக்கப்பட்டபோது ஹஸ்ஸி ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்தார்.

போர் இன்னொரு காரணம். கோவென்ட்ரி, கொலோன் போன்ற நகரங்களில் குண்டுவீச்சில் சன்னல்கள் நொறுங்கின. உடைந்ததை நகலெடுத்து வைப்பதா, நடந்ததை அறிந்த தலைமுறை புதிதாக ஒன்றைச் செய்வதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. புதிதாகச் செய்தவர்கள் பக்கம்தான் நான்.

3. வழிகாட்டி எதற்கு? நாமே சுற்றிப் பார்த்தால் ஆகாதா?

சுற்றலாம். ஆனால் எந்த வழிகாட்டி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவான சுற்று, கட்டடம் எப்போது எழுந்தது, எந்த அரசர் எங்கே அடக்கம் என்று போகும். நவீனப் படைப்புகளுக்கு ஓரிரு நிமிடங்களே கிடைக்கும். சில பேராலயங்களில் கலைப் படைப்புகளுக்கென்றே தனிச் சுற்று உண்டு. வண்ணக்கண்ணாடிக்கு மட்டும் ஒன்று, சிற்பங்களுக்கு மட்டும் ஒன்று என்றுகூட நடத்துகிறார்கள். வாசலில் உள்ள வரவேற்பு மேசையில் கேட்டால் சொல்வார்கள்.

வழிகாட்டிகளில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள். அந்த ஆலயத்திலேயே ஞாயிறுதோறும் அமர்ந்து, அந்தச் சன்னலை எல்லாப் பருவத்து வெளிச்சத்திலும் பார்த்தவர்கள். அவர்களிடம் ஆண்டுக்கணக்கைக் கேட்பதைவிட, “இது வந்த புதிதில் இங்கே வருகிறவர்கள் என்ன சொன்னார்கள்?” என்று கேளுங்கள். எந்தப் பலகையிலும் எழுதியிராத பதில் கிடைக்கும்.

4. டிக்கெட் வாங்க வேண்டுமா? ஜெபிக்கப் போகிறவரிடமும் காசு கேட்பார்களா?

ஊருக்கு ஊர் வேறுபடும். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. சிச்செஸ்டரில் கட்டணம் இல்லை, காணிக்கை விரும்பினால் போடலாம். ஆராதனைக்கு வருகிறவர்களிடம் எங்குமே கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஆராதனை நேரத்தில் எழுந்து சுற்றிப் பார்க்க முடியாது.

5. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. உள்ளே விடுவார்களா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

தாராளமாக விடுவார்கள், யாரும் மதம் கேட்பதில்லை. நம் ஊரில் பல ஆலயங்களில் செருப்பை வாசலிலேயே விடுகிறோம். அங்கே அந்தப் பழக்கம் இல்லை, தரையும் சில்லென்றிருக்கும், ஷூவோடு நடக்கலாம். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவது மரியாதை. ஆராதனை நடந்தால் பின்வரிசையில் அமரலாம். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போகும்போது நீங்கள் இருக்கையிலேயே இருந்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

6. போட்டோ எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம், பிளாஷும் முக்காலியும் கூடாது. ஆராதனையின்போது வேண்டாம். ஜெபித்துக்கொண்டிருக்கும் மனிதரைச் சேர்த்து எடுக்க வேண்டாம். திரையில் ஓடும் படைப்புகளுக்குத் தனி விதி இருக்கும் என்பதால் வழிகாட்டியைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

7. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வழிகாட்டி பேசுவது புரியாவிட்டால் என்ன பயன்?

பயன் உண்டு. வழிகாட்டி எங்கே நிற்கிறார், எதை நோக்கிக் கையை நீட்டுகிறார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியைப் பிள்ளைகள் சொல்வார்கள். போவதற்கு முன் அந்தப் பேராலயத்தில் உள்ள இரண்டு படைப்புகளைப் பற்றி வீட்டிலேயே தமிழில் பேசிவிட்டுப் போங்கள். பத்துப் படைப்புகளைப் பற்றிப் படித்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆலயத்தின் அமைப்பு நமக்குப் புதிதில்லை என்பதையும் மறக்காதீர்கள். ஞானஸ்நானத் தொட்டி, பிரசங்க மேடை, பீடம், வேதம் வாசிக்கும் மேசை எல்லாம் நம் ஊர் ஆலயத்திலும் உள்ளவையே. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, அங்கே வைத்த கலைப்பொருளின் வேலையும் எளிதில் பிடிபடும்.

8. உள்ளே போனதும் தலை சுற்றுகிறது. எதை முதலில் பார்ப்பது?

வாசலிலிருந்து பீடம் வரை ஒருமுறை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு படைப்பிடம் திரும்பி வாருங்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் வழிபடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள்.

சால்ஸ்பரி பேராலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி இதற்கு நல்ல பாடம். வில்லியம் பை என்ற சிற்பி செய்தது. அந்தப் பேராலயம் 1258இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதன் 750ஆம் ஆண்டையொட்டி 2008இல் நிறுவப்பட்டது. சிலுவை வடிவத்தில் விரிந்த வெண்கலத் தொட்டி. தளும்பத் தளும்ப நீர். மேற்பரப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாததால் மேலே உள்ள கற்கூரையும் சன்னல்களும் தலைகீழாக அதில் தெரிகின்றன. கண்ணாடி என்று நினைத்துக் கையை வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் நான்கு முனைகளுக்கு நகர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு முனையிலிருந்தும் நீர் ஒரே தாரையாகத் தரையில் உள்ள சல்லடைக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. நடுவில் அசைவில்லை, ஓரத்தில் ஓட்டம் நிற்பதில்லை.

விளிம்பில் ஏசாயா 43ஆம் அதிகாரத்தின் வசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், ஆறுகள் உன்மேல் புரளுவதில்லை என்ற வாக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தொட்டியருகே நிற்கும் பெற்றோருக்கு அந்த வசனம் என்ன சொல்லும் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஓடும் நீரின் முன்னால் நிற்பதே ஒரு தனி அனுபவம்.

9. எந்த மாதம் போனால் நல்லது?

வண்ணக்கண்ணாடியைப் பார்க்க வேண்டுமானால் மாதத்தைவிட நேரம் முக்கியம். கிழக்குச் சன்னலுக்குக் காலை, தெற்குச் சன்னலுக்கு நண்பகல், மேற்குக்கு மாலை. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் கண்ணாடிக்காகப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும்.

ஒரு படைப்பு மட்டும் மழைக்காலத்துக்கென்றே காத்திருக்கிறது. வின்செஸ்டர் பேராலயத்தின் நிலவறையில் ஆன்டனி கோர்ம்லி 1986இல் செய்த ஈய மனிதன் நிற்கிறான். சிற்பி தன் உடலையே அச்செடுத்துச் செய்தது. இரு கைகளையும் குவித்து, அதில் உள்ள நீரைக் குனிந்து பார்த்தபடி நிற்கும் உருவம். அந்த மண்ணில் நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் மழை மாதங்களில் நிலவறைக்குள் நீர் ஏறிவிடும். அப்போது அவன் தண்ணீருக்குள் நிற்பான், நாம் மேடையிலிருந்து பார்க்கலாம். இதே நீர்தான் அந்தக் கட்டடத்துக்கு ஒருகாலத்தில் ஆபத்தாகவும் இருந்தது. 1906 முதல் வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் ஆண்டுக்கணக்கில் இருட்டு நீருக்குள் இறங்கி அஸ்திவாரத்தைத் தாங்கினார். அகழியோடு சேர்ந்த கோட்டைக்குள், நீரில் உறைபவர் என்ற பெயரோடு ஈசன் இருக்கும் ஊர்க்காரர்களான நமக்கு வின்செஸ்டர் நிலவறை அந்நியமாகத் தோன்றாது.

10. வெறும் கலர் கட்டங்களாக இருக்கிறதே. சாமி எங்கே? இதை எப்படி ஆலயத்தில் வைத்தார்கள்?

இது பெரும்பாலும் கொலோன் போய்வந்தவர்களின் கேள்வி. அங்கே தெற்குப் பக்கத்துப் பெரிய சன்னலின் பழைய கண்ணாடி இரண்டாம் உலகப்போரில் போனது. அதற்குப் பதில் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த சன்னல் 2007இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 சதுரக் கண்ணாடிகள், 72 நிறங்கள், 100 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு. அந்த நிறங்கள் பேராலயத்தின் பழைய கண்ணாடிகளில் ஏற்கெனவே உள்ளவையே. எந்தச் சதுரம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கலுக்கு விட்டார் ரிக்டர். திறந்தபோது, அந்த ஊர்க் கர்தினால் மைஸ்னரே இது மசூதிக்கு ஏற்றது என்ற பொருளில் குறைகூறினார். ஆகவே உங்கள் கேள்வியை ஒரு கர்தினாலே கேட்டுவிட்டார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

என் பதில் இது. வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபையில் உருவம் இல்லை, ஜோதிதான். அதன் முன் கைகூப்ப நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்னலின் முதல் வேலையும் வெளிச்சத்தை உள்ளே விடுவதுதான். நண்பகலில் போய், சன்னலைப் பார்க்காமல் முதலில் தரையைப் பாருங்கள். கல்லின் மேலும் தூணின் மேலும் நடந்துபோகிறவர்களின் தோளின் மேலும் சிவப்பும் நீலமும் விழுந்து கிடக்கும். மேகம் மூடினால் அணையும், விலகினால் திரும்ப வரும். அதற்கப்புறம் தலையை நிமிர்த்துங்கள். பெரும்பாலானவர்கள் சன்னலை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது வருத்தமான விஷயம்.

11. நியான் விளக்கும் டி.வி. திரையும் கோயிலில் எப்படிச் சரியாகும்?

தேர்ப்பவனியில் சீரியல் விளக்கு கட்டாத ஆலயம் நம் பக்கத்தில் உண்டா? எண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி, மின்விளக்கு எல்லாமே ஒருகாலத்தில் புதியவை. பொருள் புதிது என்பதை விட்டுவிட்டு, 1ஆம் பதிலில் சொன்னதைக் கேளுங்கள்: இது இங்கே என்ன வேலை செய்கிறது?

லிவர்பூல் பேராலயத்தின் மேற்கு வாசலுக்கு மேலே டிரேசி எமின் 2008இல் வைத்த இளஞ்சிவப்பு நியான் வரி எரிகிறது. அவருடைய கையெழுத்திலேயே, ‘உன்னை உணர்ந்தேன், நீ என்னை நேசித்தாய் என்று அறிந்தேன்’ என்ற பொருளில். காதலனுக்கா, கடவுளுக்கா என்று அது சொல்வதில்லை. நம் பக்தி இலக்கியத்தில் ஆண்டாள் பாசுரத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கலப்பு புதிதல்ல. ஆனாலும் அந்தப் பிரமாண்டமான கட்டடத்தில் அந்த வரி சற்றுச் சிறிதாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

செயின்ட் பால் பேராலயத்தில் பில் வயோலா 2014இல் நிறுவிய ‘இரத்தசாட்சிகள்’ வேறு ரகம். நெடுக்காக நிற்கும் நான்கு திரைகள். ஒலி கிடையாது. சுமார் 7 நிமிடம். ஒருவரைப் புதைத்த மண் மேல்நோக்கிப் பறக்கிறது. ஒரு பெண் கட்டுண்டு காற்றில் அலைகிறாள். நாற்காலியில் இருப்பவரைச் சுற்றி நெருப்பு பொழிகிறது. கணுக்காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குபவர் மேல் நீர் கொட்டுகிறது. நிலம், காற்று, தீ, நீர்: பஞ்சபூதத்தில் நான்கு. யாரும் அலறுவதில்லை, இறுதியில் நான்கு பேரின் முகத்திலும் ஒளி விழுகிறது. ஐந்தாவதான ஆகாயத்துக்குத் தலைக்கு மேலே அந்தப் பேராலயத்தின் குவிமாடமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நின்று 7 நிமிடமும் பாருங்கள். பாதியில் நகர்ந்தால் அது வெறும் கொடுமைக் காட்சியாகவே மனத்தில் தங்கிவிடும்.

12. இயேசுவை ஏன் இவ்வளவு கோரமாகக் காட்டுகிறார்கள்? அழகாக வரைந்தால் என்ன?

2ஆம் பதிலில் சொன்ன சதர்லாந்தின் சிலுவைக் காட்சியைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. 1946இல் முடிந்த ஓவியம் அது. நாஜி வதைமுகாம்கள் திறக்கப்பட்டு, அங்கே கிடந்த உடல்களின் புகைப்படங்கள் வெளிவந்த நேரம். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அந்த விலாவையும் தோளையும் வரைந்தார்.

அதற்கும் வேர் உண்டு. ஏறத்தாழ 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் குரூனவால்ட் ஐசன்ஹைம் என்ற ஊரின் மடத்துக்கு வரைந்த பீட ஓவியம் இப்போது பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மடத்துத் துறவிகள் நோயாளிகளைப் பராமரித்தார்கள். ‘ரை’ என்ற கோதுமை போன்ற தானியத்தில் வளரும் பூஞ்சையால் வந்த நோய். தோல் எரியும், கைகால் அழுகும். அந்த நோயாளிகள் பார்ப்பதற்காக வரைந்த இயேசுவின் உடலெங்கும் புண்கள், விரல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. தங்கள் உடலைச் சிலுவையில் பார்த்தார்கள் அவர்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்த பால் பிராண்ட் பணியாற்றிய ஊர் இது; கரிகிரி மருத்துவமனை நம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வார்டில் படுத்திருந்த ஒருவருக்கு, பட்டுப்போன்ற தோலும் வாரிய தலைமுடியும் கொண்ட காலண்டர் இயேசு ஆறுதலா, குரூனவால்டின் இயேசு ஆறுதலா? காலண்டர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஆலயத்துக்கு நோயாளிகளும் வருகிறார்கள்.

13. விக்கிரகம் உண்டாக்க வேண்டாம் என்று வேதம் சொல்கிறதே. சி.எஸ்.ஐ.யில் வளர்ந்த எனக்கு உறுத்துகிறது.

நியாயமான உறுத்தல். பத்துக் கட்டளைகள் வரும் அதே யாத்திராகமத்தில், பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்காகப் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பியதாக 31ஆம் அதிகாரம் சொல்கிறது. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் கேருபீன்களைச் செய்யச் சொன்னதும் அங்கேதான். மறுபக்கம், மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு மக்கள் தூபம் காட்டிவந்ததால் எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார். செய்வித்ததும் வேதம், உடைத்ததைப் புகழ்ந்ததும் வேதம். அந்தப் பொருளை மக்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இங்கிலாந்தில் சீர்திருத்தக் காலத்தில் ஏராளமான சிலைகள் உடைக்கப்பட்டன. பல பேராலயங்களில் வெறும் மாடக்குழிகள் இன்றும் இருக்கின்றன. வழிகாட்டி அவற்றைக் காட்டாவிட்டால் நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த வெறுமையைப் பார்த்த பிறகு, அங்கே புதிய சிற்பம் ஒன்றை வைப்பது அவர்களுக்கு எவ்வளவு யோசித்துச் செய்யும் காரியம் என்பது புரியும்.

14. ஜெபிக்க வந்த இடத்தில் கலை, சிற்பி என்று பேசிக்கொண்டு நடப்பது அவமரியாதை இல்லையா?

இதற்கு நம் கோட்டையே பதில் சொல்லும். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. மண்டபத்தின் சிற்பங்களைப் பார்க்க மட்டும் ஆட்கள் வந்தார்கள். 1981இல் லிங்கம் மீண்டும் உள்ளே எழுந்தருளியது. சிற்பங்கள் அதே சிற்பங்கள்தான், ஆனால் இப்போது அவற்றைக் கடந்து ஒருவர் சந்நிதிக்குப் போகிறார். பார்ப்பதும் கும்பிடுவதும் அங்கே ஒரே நடையில் நடக்கின்றன. யாளியை நின்று பார்க்கிறவரை யாரும் விரட்டுவதில்லை.

நல்ல வழிகாட்டி இதை அறிந்தவர். மணி அடித்தால் பேச்சை நிறுத்துவார். பல பேராலயங்களில் குறிப்பிட்ட நேரத்தில் சிறு ஜெபம் சொல்லும்போது சுற்று அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.

15. செய்தவர் கிறிஸ்தவரே இல்லையாமே? நம்பிக்கை இல்லாதவர் செய்ததை எப்படிப் பீடத்தருகே வைப்பது?

சிச்செஸ்டர், பிரான்சில் மெட்ஸ், ரெய்ம்ஸ் பேராலயங்களின் புகழ்பெற்ற சன்னல்களைச் செய்த ஷாகால் யூதர். கோவென்ட்ரி வாசலில் சாத்தானை வென்று நிற்கும் மைக்கேலைச் செய்த ஜேக்கப் எப்ஸ்டைனும் யூதர். எப்ஸ்டைன் பெயரை முன்வைத்தபோது அவர் யூதராயிற்றே என்று குழுவில் ஒருவர் தயங்க, இயேசுவும் யூதர்தானே என்று கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் பதில் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். எப்ஸ்டைன் 1959இல் இறந்துவிட்டார். தன் மைக்கேல் சுவரில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

என் நிலை தெளிவானது. படைப்பு அந்த இடத்தின் வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள், செய்தவரின் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடாதீர்கள். திறமை குறைந்த பக்தர் செய்த சிலையால் யாருக்கும் பக்தி கூடியதாக நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு எல்லை உண்டு: வேதத்தையும் வழிபாட்டையும் அறிந்துகொள்ள மறுக்கும் கலைஞருக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. ஷாகால் சங்கீதப் புத்தகத்தோடு வாழ்ந்தவர். சிச்செஸ்டர் சன்னலில் 150ஆம் சங்கீதத்தின் எக்காளமும் கைத்தாளமும் இருக்கின்றன.

16. மக்களுக்குப் பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவார்களா?

நடந்திருக்கிறது. பிரான்சின் ஆஸ்ஸி என்ற மலையூர் ஆலயத்தில் ஜெர்மைன் ரிஷியே செய்த சிலுவை நாதர், முகமே இல்லாத கரடுமுரடான உருவம் என்று எதிர்ப்பு எழுந்ததால் 1951இல் அகற்றப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பீடத்துக்கே வந்தது. அருகிலுள்ள காசநோய் விடுதிகளின் நோயாளிகள் வழிபட்ட ஆலயம் அது என்பதை 12ஆம் பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

இங்கிலாந்தில் பேராலயங்களுக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. பெரிய மாற்றங்களுக்கு அதன் ஒப்புதல் வேண்டும். சில படைப்புகள் சில வாரங்களுக்கு மட்டும் வந்துபோகும். லூக் ஜெராமின் 7 மீட்டர் விட்ட நிலா பல பேராலயங்களில் அப்படித் தொங்கியிருக்கிறது. பிடிக்கவில்லை என்று வழிகாட்டியிடம் நேராகச் சொல்லலாம், அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னால் அங்கிருந்துதான் நல்ல உரையாடல் தொடங்கும்.

17. நம் பக்கத்தில் இப்படி எதுவும் இல்லையா? விசா எடுத்துத்தான் பார்க்க வேண்டுமா?

கலைஞர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால், பி.வி. ஜானகிராம், அல்போன்ஸோ தாஸ் ஆகிய சென்னைக் கலைஞர்கள் இயேசுவைத் தங்கள் கோட்டிலும் உலோகத்திலும் செய்திருக்கிறார்கள். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் மாலைக்குள் பார்த்துத் திரும்பலாம். கட்டடத்தில் பார்க்க வேண்டுமானால் தெலங்கானாவின் தோர்ணக்கல் பேராலயம். நம் தென்கோடி வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா, கோயில் தூணையும் மசூதியின் மினாரையும் சேர்த்துக் கட்டி 1939இல் பிரதிஷ்டை செய்தது.

ஆனால் இந்தக் கலைஞர்களின் படைப்புகள் பெரும்பாலும் கேலரிகளிலும் அருங்காட்சியகங்களிலுமே இருக்கின்றன; ஆலயத்துக்குள் வந்தவை குறைவு. புதிதாக ஆலயம் கட்டும் நம் சபைகள் இறக்குமதி அச்சில் வார்த்த சுரூபத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஒரு இளைஞருக்குக் கொடுக்கலாம். இதை நான் போகும் இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

18. ஒரே ஒரு பேராலயம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

கோவென்ட்ரி. லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். முதலில் கூரையில்லாத பழைய ஆலயத்துக்குப் போங்கள். 1940 நவம்பர் 14 இரவு எரிந்தது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதை ஒட்டியே ஸ்பென்ஸ் கட்டிய புதிய பேராலயம், 1962 மே 25இல் பிரதிஷ்டை ஆனது. எப்ஸ்டைனின் மைக்கேலைத் தாண்டி, ஜான் ஹட்டன் புனிதர்களையும் தூதர்களையும் செதுக்கிய பெரிய கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே நுழைய வேண்டும்.

எதிரே சதர்லாந்து வடிவமைத்த நெய்த திரை, ஏறத்தாழ 23 மீட்டர் உயரம், பிரான்சில் நெய்தது. சிம்மாசனத்தில் கிறிஸ்து. அவர் பாதங்களுக்கு நடுவே ஆளுயர மனிதன் ஒருவன் நிற்கிறான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே மாட்டான், கிட்டே போய்த் தேடுங்கள். வலப்பக்கம் ஞானஸ்நானத் தொட்டி. பெத்லகேமிலிருந்து கொண்டுவந்த பாறை, மேலே சிறு குழிவு மட்டும் வெட்டியது. அதன் பின்னால் தரையிலிருந்து கூரை வரை பைப்பரின் சன்னல், ஏறத்தாழ 200 பலகங்கள். உருவம் இல்லை, நடுவில் வெண்மையும் மஞ்சளும் வெடித்துப் பரவுகின்றன. பக்கச் சுவர்களின் வண்ணச் சன்னல்களை உள்ளே வரும்போது காண முடியாது. சுவர் மடிப்பு மடிப்பாகப் பீடத்தை நோக்கித் திரும்பியிருப்பதால், பீடம் வரை போய்த் திரும்பி நடக்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியும். பீடத்தருகே போகாமல் பாதியில் திரும்பிவிடுகிறவர்கள் அவற்றைத் தவறவிடுகிறார்கள். வழிகாட்டிச் சுற்று எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதைப் பேராலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.